பெயருக்கு எவ்வளவு இடம்

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் தெருவில் டிசைனிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு. ஆனால் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைப்பது விசிட்டிங் கார்டுதான். மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். அந்த இடத்துக்குள் ஒரு மனிதர் தான் யாரென்று சொல்லியாக வேண்டும். வருகிறவர்களில் பலர் அந்தக் கேள்வியை என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்துதான் முதல்முறையாக யோசிக்கிறார்கள்.

போன தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் வந்தார். சன்மார்க்கக்காரர். மாதாமாதம் பூசத்தன்று தெருவில் கஞ்சி ஊற்றுகிறவர். அரிசி, பருப்பு தர நினைப்பவர்கள் கூப்பிட ஒரு கார்டு வேண்டும் என்றார். மேலே ஜோதி, நடுவில் ‘மாதப்பூச அன்னதானம்’, கீழே போன் நம்பர்.

“உங்க பேரு ஐயா?”

“பேரு எதுக்கும்மா? பேரைப் போட்டா ஆணவம் வந்துடும்.”

“போன் பண்றவங்க யாரைக் கேட்டுப் பேசுவாங்க?”

அவர் பதில் சொல்லாமல், நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிட்டார். கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. தன் பெயரை அச்சில் பார்க்க விரும்புவது ஆணவமா? ஆணவம் உயிரை அநாதியாகப் பற்றியிருக்கும் மலம் என்கிறது சைவ சித்தாந்தம். அப்படிப்பட்டது, கார்டிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டால் விலகிவிடுமா?

பெரியவர் வணங்கும் வள்ளலாருக்கே அச்சில் பெயர் போடுவதில் ஒரு சங்கடம் வந்திருக்கிறது. அவருடைய பாடல்களைத் திரட்டி அச்சேற்ற அலைந்தவர்களில் முக்கியமானவர் இறுக்கம் இரத்தின முதலியார். அவருக்கு 1866-இல் எழுதிய கடிதம் ஒன்றில், தன்னை இராமலிங்கசாமி என்று வழங்குவதில் தனக்குச் சம்மதம் இல்லை, அது ஆரவாரமாகப் படுகிறது என்று வள்ளலார் தெரிவித்தார். அடுத்த வருடம், 1867-இல், திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் சென்னையில் அச்சாகி வெளிவந்தன. ‘சாமி’ போய், ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்ற பட்டம் வந்து சேர்ந்தது. அன்பர்களின் அன்பு அப்படி. அந்தப் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்ற சண்டை பிறகு பல பத்தாண்டுகள் ஓடியது. அதே 1867-இல்தான் வடலூரில் தருமசாலையின் அடுப்பும் மூட்டப்பட்டது.

என் தொழில் கண்ணுக்கு இதில் ஒன்று தெரிகிறது. வள்ளலார் தன் பெயரை மறைக்கவில்லை. சிதம்பரம் இராமலிங்கம் என்று கையெழுத்துப் போட்டார். ஓர் ஊர், ஒரு பெயர். கூப்பிடுகிறவனுக்கு அது போதும். அதற்குமேல் ஒட்டவந்ததைத்தான் வேண்டாம் என்றார். மறுநாள் வந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். அந்தக் கடிதத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர். கொஞ்சநேரம் கண்ணாடியைத் துடைத்தபடி இருந்துவிட்டு, “அப்ப பேரை மட்டும் போடும்மா. முன்னாடி பின்னாடி எதுவும் வேணாம்” என்றார்.

முன்னாடி பின்னாடிதான் என் கடையில் பெரிய பஞ்சாயத்து. செம்மல், சுடர், ரத்னா, பணம் கட்டி வாங்கிய டாக்டர் என்று பெயரைச் சுற்றி அடைத்துக்கொண்டே போவார்கள். கார்டின் ஓரத்துக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் ப்ளீடு, வெட்டுப்பட்டுப் போவதற்காக. கட்டிங் மெஷினின் கத்தி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரும் என்பதால் உள்ளேயும் நாலைந்து மில்லிமீட்டர் எழுத்தில்லாமல் விடவேண்டும். மிச்சமிருக்கும் இடத்தில் பட்டம் பெருக்கப் பெருக்கப் பெயர் சிறுக்கும். ஆறு பாயிண்டுக்குக் கீழே போனால் ஞ, ணி, ஈ போன்ற எழுத்துகளின் சுழியெல்லாம் மையால் அடைபடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கேட்டால் இன்னும் மோசம். பெயரே படிக்க முடியாத கார்டை நீட்டிவிட்டு, என்னைத் தெரியுமா என்று கேட்பதில் என்ன இருக்கிறது?

ஆனால் எல்லாப் பட்டத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. எங்கள் தெருவில் தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து வக்கீலான ஒரு பெண் வந்தாள். அவள் அப்பாவும் என் அப்பாவைப்போல நெய்தவர்தான். பி.ஏ., பி.எல். என்பதைப் பெயர் அளவுக்கே பெரிதாகப் போடச் சொன்னாள். டிசைன்படி அது தப்பு. நான் வாயைத் திறக்கவில்லை, அவள் கேட்டபடியே போட்டேன். தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கு மறுக்கப்பட்ட ஒன்று கடைசியில் பெயருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது, அதை ஆணவம் என்று சொல்லும் யோக்கியதை யாருக்கு இருக்கிறது?

இந்த ஊர் அதை நன்றாகவே பார்த்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1873-இல், பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர்போல ஷூ அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி அனுமதிக்கவில்லை. அவர் விடாமல் பாரிஸில் இருக்கும் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வருகிறவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி எடுத்த பெயர் லா போர்த். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களும் நிறையப் பேர் அந்த வழியில் போனார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் என்னிடம் கார்டு அடிக்க வருகிறார்கள். முன்பாதி தமிழ்ப் பெயர், பின்பாதி பிரெஞ்சு. எழுத்துக்கூட்டி அடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: சாதியைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இனி இப்படிக் கூப்பிடட்டும் என்று ஒருவர் எடுத்த முடிவு இது. அதில் மலம் எங்கே இருக்கிறது? மானம்தான் இருக்கிறது.

பெண்கள் வந்தால் கேள்வி இன்ஷியலில் தொடங்கும். ஆரி வொர்க் தைக்கும் ஒரு தங்கை, கார்டில் எந்த எழுத்துப் போடுவது என்று தெரியாமல் திகைத்தாள். “ஸ்கூல் சர்டிஃபிகேட்ல அப்பா எழுத்துக்கா, ஆதார்ல அவரு எழுத்து. எது நானு?” வேடிக்கைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். ரமணர் காலமெல்லாம் கேட்கச் சொன்னதும் அந்தக் கேள்விதானே? “பிளவுஸ் தைக்கக் குடுக்குறவங்க உன்னை என்னன்னு கூப்பிடுறாங்க?” என்றேன். வெறும் பெயரைச் சொன்னாள். வெறும் பெயரையே போட்டோம்.

வேலை முடிந்ததும் எல்லாப் பெயருக்கும் நான் ஒன்று செய்தாக வேண்டும். ஆயிரம் கார்டு ஆஃப்செட்டில் அடிக்க சிவகாசிக்கு அனுப்புவோம். பாமினியில் அடித்த பெயர், அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் பொருளே இல்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதனால் அனுப்புமுன் எழுத்து முழுவதையும் கர்வ்ஸ் ஆக்கிவிட வேண்டும். கோரல் டிராவில் ஒரு கட்டளைதான். அதைக் கொடுத்த நொடியில் எழுத்து எழுத்தாக இருப்பது நின்றுவிடும். அந்தப் பெயரைக் கணினியில் தேடினால் கிடைக்காது, பிழையிருந்தால் தட்டித் திருத்தவும் முடியாது. வளைவும் புள்ளியும் மட்டும் மிஞ்சும். அதனால்தான் அதற்கு முன்னால் வாடிக்கையாளரை உட்காரவைத்து, பெயரையும் நம்பரையும் அவர் வாயாலேயே இரண்டு முறை சத்தமாகப் படிக்கச் சொல்வேன். தன் பெயரைத் தானே சத்தமாகப் படிக்கச் சொன்னால் கொஞ்சம் கூச்சப்படாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கர்வ்ஸ் ஆன பெயரைப் பார்க்கும்போது நாகசேனர் நினைவு வரும். பௌத்தர்களின் மிலிந்த பஞ்ஹா நூலில் கிரேக்க அரசன் மிலிந்தன் அவரிடம் பெயர் கேட்கிறான். நாகசேனன் என்று கூப்பிடுகிறார்கள், அது வழக்குக்கு வைத்த சொல், அதற்குள் ஆள் என்று தனியாக எவரும் இல்லை என்கிறார். தேரின் சக்கரம் தேரா, அச்சு தேரா என்று கேட்டு அரசனையே ஒப்புக்கொள்ளவும் வைக்கிறார். வாதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அதன்பிறகும் அந்த நூல் நெடுக அரசன் ‘நாகசேனரே’ என்று கூப்பிட்டுத்தான் ஒவ்வொரு சந்தேகத்தையும் கேட்கிறான். அவரும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறார். பெயருக்குள் ஆள் இல்லை என்று நிரூபித்தவர், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாமல் இருக்கவில்லை. எனக்குத் தத்துவத்தைவிட அந்தத் திரும்புதல் பெரிதாகப் படுகிறது.

பெயரே இல்லாமல் வாழ்ந்த ஞானியும் இந்த ஊரில் உண்டு. 1908-இல் புதுச்சேரிக்கு வந்த பாரதி பத்து வருடம் இங்கே இருந்தார். குயில் பாட்டுக்கு இடம் கொடுத்த தோப்பு எங்கள் முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமிச் செட்டியாருடையது என்று இங்கே பெருமையாகச் சொல்வோம். அந்த நாட்களில் பாரதி குருவாகக் கண்டவர்களில் ஒருவர் குள்ளச்சாமி. உருவத்தைப் பார்த்துத் தெரு வைத்த பெயர் அது. மாங்கொட்டைச் சாமி என்றும் சொன்னார்கள். அழுக்குக் கந்தலை மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்துவந்தவரைப் பார்த்து பாரதி சிரித்துக் காரணம் கேட்க, நான் வெளியே சுமக்கிறேன், நீ பழங்குப்பையை உள்ளே சுமக்கிறாய் என்று அவர் பதில் சொன்னதை ‘பாரதி அறுபத்தாறு’ பதிந்துவைத்திருக்கிறது.

இதைப் படித்தால் பெயரும் அந்தப் பழங்குப்பையில் சேர்த்திதான் என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் குள்ளச்சாமிக்குப் பெயர் இல்லாமலா இருந்தது? அவர் வைத்துக்கொள்ளவில்லை, மற்றவர்கள் வைத்தார்கள். அவர் அதற்குத் திரும்பினார். அந்தக் கூப்பாட்டுப் பெயர் வழியாகத்தான் பாரதி அவரை அடைந்தார், பாரதி வழியாக நாம் அடைகிறோம். நம் பெயரையும் நாம் வைத்துக்கொள்ளவில்லையே? அம்மாவோ தாத்தாவோ காதில் சொன்னது. நம் பெயரை நாம் சொல்வதைவிட மற்றவர்கள் சொல்வதுதான் எப்போதும் அதிகம். அது அவர்கள் நம்மை எட்டுவதற்காக இருக்கிறது.

அந்தக் கந்தல் மூட்டையை நினைக்கும்போது கையால் செய்யும் காகிதமும் நினைவுக்கு வரும். அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959 முதல் இங்கே இயங்குகிறது. பருத்தித் துணிக் கழிவை ஊறவைத்து, அரைத்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளித் தாளாக்குகிறார்கள். சிலர் கார்டுக்கு அந்தத் தாளைக் கேட்பார்கள். ஆஃப்செட்டில் பொடி எழுத்து அதில் உடையும், ஸ்கிரீன் பிரிண்டிங்தான் சரிப்படும். விரலால் தடவினால் நார் தட்டுப்படும் அந்தத் தாளில் பட்டங்களை அடைக்க முடியாது. ஒரு பெயர், ஒரு நம்பர். அந்தத் தாள் கேட்பதே அவ்வளவுதான்.

கார்டில் சாமி படம் கேட்பவர்களிடமும் பேசவேண்டியிருக்கிறது. கார்டு சட்டைப் பையில் கசங்கும், பஸ் ஸ்டாண்டில் விழும், மிதிபடும். படத்துக்குப் பதில் ‘முருகன் துணை’ என்று எழுத்தில் போடலாமே என்பேன். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். தன் பெயருக்கு மேலே இன்னொரு பெயரை வைத்து, நான் தனியாக இல்லை என்று சொல்லிவிட்டுத் தொழிலை ஆரம்பிப்பதை நான் மதிக்கிறேன். ஆணவத்துக்கு மருந்து பெயரை அழிப்பதைவிட இதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவருடைய மகன். அவர் இருந்தபோது கார்டு நான்தான் செய்துகொடுத்தேன். அவர் போனபோது கண்ணீர் அஞ்சலியும் நான்தான். அதே ஃபைலைத் திறந்து அதே பெயரை எடுத்துப் பெரிதாக்கி வைத்தேன். இந்தத் தொழிலில் அது அடிக்கடி நேர்கிறது, ஆனாலும் பழகவில்லை.

அப்பாவின் போனைப் பையன்தான் வைத்திருக்கிறான். வீட்டுக்கு வீடு மீட்டர் பெட்டியில் அவருடைய கார்டு செருகிக்கிடக்கிறது. தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

“தினமும் யாராவது அப்பாவைக் கேக்குறாங்கக்கா. நான்தான் போறேன். எனக்குப் புதுக் கார்டு வேணும்.”

அவன் பெயரை நடுவில் போட்டேன். கறுப்பு மட்டும், கே நூறு. பொடி எழுத்தை நாலு கலரில் கலந்தால் மிஷினில் தகடு இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் நிழல் தட்டும். பட்டறையின் பெயராக அப்பாவின் பெயரை மேலே வைக்கச் சொன்னான். வைத்தேன்.

“அமரர்னு முன்னாடி சேக்கணுமாக்கா?”

“வேணாம்ப்பா.”

“போடலன்னா அப்பாவைக் கேட்டுத்தானே இன்னும் போன் வரும்?”

“வரட்டும். எடுக்கப்போறது நீதானே?”

நம்பரை இரண்டு முறை சத்தமாகப் படித்தான். சரிபார்த்து கர்வ்ஸ் போட்டு, அன்று சாயங்காலமே ஃபைலை சிவகாசிக்கு அனுப்பினேன். முந்நூறு ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், ஆயிரம்.