மறைவாக்கும் மனச்சான்றும்

தன் பெயரை வெளியிட அஞ்சும் மனச்சான்று, மனச்சான்று என்னும் பெயருக்கு உரியதாகுமா? இவ்வினாவை ஆராய, ஜெர்மனியின் வடகோடி மாநிலமாகிய ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் 2005ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் நிகழ்ந்ததைக் காட்டிலும் தக்க சான்று கிடைத்தல் அரிது.

அம்மாநில முதலமைச்சராக அன்று விளங்கியவர் ஹைடெ சிமோனிஸ் அம்மையார். பொருளியல் கற்றவர், சமூக ஜனநாயகக் கட்சியைச் சார்ந்தவர். 1988இல் மாநில நிதியமைச்சராகி, 1993இல் முதலமைச்சர் பொறுப்பினை ஏற்றார். ஜெர்மானிய மாநிலம் ஒன்றற்கு முதலமைச்சராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதற்பெண் இவரே. ஆணும் பெண்ணும் சமஉரிமையினர் என்னும் வரி, எலிசபெத் செல்பர்ட் அம்மையாரின் விடாமுயற்சியால், மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தில் 1949இலேயே ஏறிவிட்டது. எனினும், அவ்விருக்கையில் ஒரு பெண் அமர 44 ஆண்டுகள் வேண்டியிருந்தன!

2005 தேர்தலில் 69 இடங்களுள் அம்மையாரின் கட்சி 29 பெற்றது. பசுமைக் கட்சியின் நால்வரும், டேனிய சிறுபான்மையினர் கட்சியின் இருவரும் துணைநிற்க, அவர் பக்கம் 35 பேர்; எதிரணியில் 34 பேர். (சிறுபான்மையினர் கட்சிக்கு ஐந்து விழுக்காட்டு வரம்பினின்று விலக்களித்திருப்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.) சட்டமன்றத்தில் மறைவாக்கெடுப்பு நடந்தது. அம்மையாருக்குக் கிடைத்தவை 34. மீண்டும் நடந்தது, 34. மூன்றாம் முறையும் நான்காம் முறையும் அதே 34. யாரோ ஒருவர் வாக்களிக்காது ஒதுங்கினார். அம்மையார் அரசியல் களத்தினின்று விலகினார். 2023இல் அவர் மறையும் வரையில் அந்த ஒருவர் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளவே இல்லை.

கட்சிக் கட்டளைக்கு அஞ்சாது உறுப்பினர் தம் உள்ளம் சொல்வதைச் செய்வதற்கன்றோ மறைவாக்கு என்பர் சிலர். உண்மையே. எளியவனை வலியவன் பகையினின்று காக்கப் பிறந்த முறை அது. ஆயினும், மறுப்பது வேறு. மறுப்பை ஒளிப்பது வேறு. முதல் வாக்கெடுப்புக்கு முன்னரே, ‘நான் உடன்படேன்’ என்று கட்சிக் கூட்டத்தில் உரைத்திருப்பின் அது மனச்சான்று. ஒருவரை நான்குமுறை அவை நடுவே நிற்கவிட்டு வாய்மூடியிருந்ததை அப்பெயரால் அழைக்க என் நா எழவில்லை.

அவர் பெண் என்பதனால் வீழ்த்தப்பட்டாரா? அவ்வாறு துணிந்து கூறுதல் முறையன்று. 1976இல் லோயர் சாக்சனி மாநிலத்தில் ஆண் வேட்பாளர் ஒருவரும் இவ்வாறே மறைவாக்கில் வீழ்ந்தார். ஆயினும் இடர் இங்கேதான் இருக்கிறது. பள்ளியில் ஒரு பெண்ணுக்குப் பதவி மறுக்கப்பட்டால் காரணம் கேட்கலாம். காரணம் பொய்யெனில் வழக்காடலாம். சமத்துவச் சட்டத்தின் கை, காரணம் கூறக் கடமைப்பட்ட இடம்வரை நீளும். காரணமே கூறவேண்டாத வாக்குச் சீட்டின் மடிப்புக்குள் அது நுழைய இயலாது. அங்கே வெறுப்பும் கொள்கையும் ஒரே உருவில் கிடக்கின்றன. இன்னது இது என்று பிரித்தறிய எவராலும் முடியாது. அதனால் அம்மையார் மறுமொழி கூறவும் வழியற்று நின்றார்.

அடுத்து ஒரு பெண் மாநில முதலமைச்சரானது 2009இல், துரிங்கியாவில். கிறிஸ்டீன் லீபர்க்னெக்ட் என்னும் அவ்வம்மையாருக்கும் கூட்டணியில் போதிய பெரும்பான்மை இருந்தது. மறைவாக்கில் முதலிரு முறையும் ஒரு வாக்குக் குறைந்தது. மூன்றாம் முறையே வென்றார்.