சட்டப் பாதுகாப்பும் அறப் பொறுப்பும்

குடிகளைக் காத்தற்கெனவே அரசு படைக்கலம் ஏந்துகின்றது. அது குடிகளை நோக்கியே திரும்புமிடத்து, பெரும்பாலும் தற்காப்பே நியாயமாகக் கூறப்படுகின்றது. அந்நியாயத்தின் வலுவைத் தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில் நிகழ்ச்சி கொண்டு ஆராயலாம்.

கறுப்பின மக்கள் எந்நேரமும் அனுமதிப் புத்தகம் வைத்திருத்தல் வேண்டுமென நிறவெறி அரசு விதித்திருந்தது. 1960 மார்ச் 21 அன்று, அப்புத்தகமின்றி வந்த தம்மைக் கைது செய்யுமாறு கோரி, ஆயிரக்கணக்கானோர் அங்குள்ள பொலிஸ் நிலையத்தின் முன் திரண்டனர். பொலிசார் சுட்டனர், உத்தியோகபூர்வக் கணக்கின்படி 69 பேர் மாண்டனர். கல்லெறிக்கு அஞ்சியே சுட்டதாகப் பொலிசார் தரப்பிற் கூறப்பட்டது. ஆயின், சுடப்பட்டோரிற் பலருக்கு முதுகிலேயே குண்டு பாய்ந்திருந்தது. முதற் குண்டுக்கு அச்சம் காரணமாகலாம். புறங்காட்டி ஓடுவோரிடமிருந்து தற்காப்பு எதற்கு?

1961இல் அந்நாட்டுப் பாராளுமன்றம், பொலிசாரை வழக்குகளினின்று காக்கும் சட்டமொன்றைப் பின்னோக்கிய வலுவுடன் இயற்றியது. நேர்மையாகப் பிழைத்தோருக்கும் பாதுகாப்பு வேண்டுமே எனலாம். உண்மையே, ஆனால், நேர்ந்தது பிழையா குற்றமா என்பதை விசாரணையே தெளிவாக்கும். அவ்விசாரணையின் வாயிலை அடைத்துவிட்டு நேர்மையைப் பேசுதல் பொருந்தாது. தண்டனையினின்று சட்டம் ஒருவனை விடுவிக்கலாம். பொறுப்பினின்று விடுவித்தல் அதற்கு இயலாது. அச்சட்டத்தின் பின் அப்பொறுப்பு சுட்டவனோடு நில்லாது, அதற்குக் கையுயர்த்தியோரையும் சார்ந்தது.