வாத்தியமும் வழிபாடும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, கிறிஸ்தவ நண்பர் ஒருவருடைய தந்தையின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். நண்பர் நன்றாகப் பிடில் வாசிப்பவர். கற்றுக் கொடுத்தவரே அந்தத் தந்தைதான். ஆனால் அன்று பிடில் பெட்டி திண்ணையில் மூடியே கிடந்தது. நண்பருடைய அண்ணன் சேர்ந்திருந்த சபையில் ஆராதனைக்கு வாத்தியம் கூடாது. மனிதக் குரல் மட்டுமே உண்டு. அடக்க ஆராதனையை நடத்தியவர்கள் அந்தச் சபையார்.

"அப்பாவுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை இது ஒன்றுதான். அதையும் அண்ணன் வேண்டாம் என்கிறார். நீங்களே சொல்லுங்கள் சார், கடவுளுக்குப் பிடில் பிடிக்காதா?" என்று நண்பர் கேட்டார்.

துக்க வீட்டில் தர்க்கம் பேசக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

பைபிளைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும் என்று முதலில் நினைத்தேன். 150-ஆம் சங்கீதம் எக்காளம், யாழ், குழல், தாளம் என்று ஒரு பெரிய கச்சேரியையே கூட்டிவைத்துக் கடவுளைத் துதிக்கச் சொல்கிறது. நண்பரின் கட்சி ஜெயித்தது! ஆனால் பவுல் அப்போஸ்தலர் தம் நிருபங்களில் பாடச் சொல்கிறாரே ஒழிய, இன்ன வாத்தியத்தோடு என்று சொல்லவில்லை. அண்ணனின் கட்சி அதைப் பிடித்துக்கொள்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் இன்றைக்கும் வெறுங்குரலில்தான் பாடுகின்றன. எத்தியோப்பிய சபையிலோ மேளம் முழங்குகிறது. அமெரிக்காவில் இந்தச் சண்டை, வேறு சில சண்டைகளோடு சேர்ந்து முற்றி, ஒன்றாக இருந்தவர்களைப் பிரித்தே விட்டது. 1906-ஆம் ஆண்டின் மதக் கணக்கெடுப்பு அவர்களை இரு வேறு சபைகளாகப் பதிவு செய்தது.

வாத்தியம் வேண்டாம் என்பவர்கள் சங்கீத ஞானம் இல்லாதவர்கள் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஸ்விங்கிலி. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்துச் சபையைச் சீர்திருத்தியவர் அவர். 1527-இல், அந்நகரின் பெரிய தேவாலயத்தில் இருந்த ஆர்கனை உடைத்து அகற்றிவிட்டார்கள். ஆராதனையில் பாட்டுமே நின்று போயிற்று. அது திரும்பி வர 1598 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த ஸ்விங்கிலி எப்படிப்பட்டவர் தெரியுமா? யாழும் குழலும் உட்படப் பல வாத்தியங்களை வாசிக்கத் தெரிந்தவர். தாமே பாட்டு இயற்றியவர்!

தெரியாதவன் வெறுப்பது வேறு. தெரிந்தவன் அஞ்சுவது வேறு. ஸ்விங்கிலிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் அகஸ்டின் என்ற ஞானி இந்த அச்சத்தை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மை உருக்கும்போது, தாம் பாவம் செய்வதாக அவர் வருந்தினார். ஆனாலும் பாட்டே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தளர்ந்த உள்ளத்தைப் பக்தியை நோக்கித் தூக்கிவிடும் கை அது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

இந்த அச்சம் எனக்குப் புரிகிறது. நான் கதை எழுதுகிறவன். ஒரு மரணத்தை வருணித்துவிட்டு, வருணனை நன்றாக வந்திருக்கிறதே என்று மகிழ்ந்திருக்கிறேன். செத்தவனை மறந்து வாக்கியத்தை ரசித்த குற்றம் அது.

அதற்காக எழுதுவதை விட்டுவிட்டேனா? இல்லை. வாத்தியம் மட்டுமா மயக்குகிறது? நல்ல சாரீரமும் மயக்கும். பிரசங்கியின் சொல்லடுக்கும் மயக்கும். ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூலில் கடவுள் பாட்டையும் யாழையும் வெறுத்துப் பேசுகிற இடம் உண்டு. அங்கே குற்றம் யாழின் நரம்பில் இல்லை. ஏழைக்கு நியாயம் மறுத்துவிட்டுப் பாட வந்தவர்களின் நெஞ்சில் இருக்கிறது.

வாத்தியம் வேலைக்காரனைப் போல வழிபாட்டுக்குள் வரலாம் என்பது என் முடிவு. கூடியிருப்பவர்கள் பாடுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுத் தலையாட்டத் தொடங்கினால், வேலைக்காரன் எஜமானன் ஆகிவிட்டான் என்று பொருள். அப்போது நிறுத்திவிட வேண்டியதுதான்.

பல நாள் கழித்து நண்பரைச் சந்தித்தபோது இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அண்ணனும் வாசிப்பார் சார். என்னைவிட நன்றாகவே வாசிப்பார். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் எல்லாரும் அவர் வாசிப்பையே புகழ்ந்தார்கள். அன்றைக்கு விட்டவர்தான்" என்றார்.

நான் அந்த அண்ணனைத் தவறாக எடைபோட்டிருந்தேன். ஒருவர் வாசிக்கத் துடித்தார். மற்றவர் வாசிக்காமல் அடங்கினார். இரண்டுமே அந்தத் தந்தைக்குச் செய்த மரியாதைதான். உணவு விஷயத்தில், உண்பவனும் விலக்குபவனும் ஒருவரை ஒருவர் குற்றவாளியாக்க வேண்டாம் என்று பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதினார். பிடிலுக்கும் அது பொருந்தும். தன் நெஞ்சுக்கு அஞ்சி ஒன்றை விலக்குவது பக்தி. அந்த அச்சத்தையே தம்பிக்கும் சட்டமாக்குவது பக்தி ஆகாது.