கண்ணில் விழும் வெயில்

எண்ணத்தை மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றுதானா? இக்கேள்வி நம்மைச் சதுரங்கப் பலகைவரை அழைத்துச் சென்றது.

1918-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடைபெற்ற போட்டியில் கியூபா நாட்டுக் கபாபிளாங்காவும் அமெரிக்கரான மார்ஷலும் எதிரெதிரே அமர்ந்தனர். 1909-இல் இவ்விருவரும் மோதிய தொடரில் மார்ஷல் வென்றது ஓர் ஆட்டம், தோற்றது எட்டு. இம்முறை வெள்ளைக் காய்களுடன் ஆடிய கபாபிளாங்கா, பழைமையான ஸ்பானியத் தொடக்க ஆட்டத்தைக் கையாண்டார். வெள்ளைக் குதிரை பாய்ந்து கறுப்பின் நடுக் காலாளைத் தாக்கும். அதைக் காக்கக் கறுப்புக் குதிரை வரும். அக்குதிரையை மந்திரி குறிவைக்கும். (நாம் மந்திரி என்னும் காயை ஆங்கிலேயர் ‘ஆயர்’ என்பர்!) எட்டாம் நகர்த்தலில் மார்ஷல் ஒரு காலாளைப் பலிகொடுக்க முன்வந்தார். அது அவர் முன்னரே ஆய்ந்து வைத்திருந்த கண்ணி. பல்லாண்டு அதை ஒளித்து வைத்திருந்தார் என்னும் கதையை ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர். எப்படியாயினும், இது ஆயத்தம் செய்யப்பட்ட தாக்குதல் என்பதைக் கபாபிளாங்கா பலகையின் முன்னேயே உணர்ந்துகொண்டார்.

இது வஞ்சகமா? போரில் பதுங்கித் தாக்குவது முறையா என வினவிய புனித தாமஸ் அக்குவினாஸ், பகைவனிடமும் பொய்யுரைத்தலும் வாக்குத் தவறுதலும் ஆகா. ஆனால் நம் திட்டத்தை அவனுக்கு வெளியிடாதிருத்தல் குற்றமன்று என்று தெளிவுபடுத்தினார். மார்ஷல் யாதொரு பொய்யும் உரைக்கவில்லை. அந்நேரம் முப்பத்திரண்டு காய்களும் பலகையில் வெளிப்படையாகவே நின்றன. மறைந்திருந்தது அவருடைய சிந்தனை மட்டுமே.

நம்மை உறுத்துவது வேறொன்று. இத்தொடக்க ஆட்டத்திற்குப் பெயர் தந்த ரூய் லோப்பஸ் நம்மைப்போல் ஒரு குரு. 1561-இல் அவர் வெளியிட்ட சதுரங்க நூலில், எதிராளியின் கண்ணில் வெயில் படும்படி பலகையை வைக்குமாறு அறிவுரை கூறுகின்றார்! இதிலும் பொய் இல்லைதான். ஆயினும் மார்ஷலின் கண்ணி எதிராளியின் அறிவுக்கு விடப்பட்ட அறைகூவல். வெயிலோ அவன் காணும் ஆற்றலையே பறிக்கின்றது. எழுத்தறியாத தங்கையிடம் பாகப்பத்திரத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கிய அண்ணன் ஒருவர், “நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே, சாமி” என்று நம்மிடம் வாதிட்டதுண்டு. அன்று அவருக்கு நாம் தக்க மறுமொழி கூறவில்லை. லோப்பஸின் அறிவுரையைப் படித்தபோது அந்தத் தங்கையின் முகமே நம் நினைவில் எழுந்தது.

கபாபிளாங்கா அந்தக் காலாளை ஏற்க மறுத்திருக்கலாம். தம் திறமைக்கு விடப்பட்ட சவாலை ஏற்பதே மானம் எனக் கருதியதாகப் பின்னாளில் எழுதினார். கண்ணியென்று அறிந்தே காலாளை வெட்டினார். கடுந்தாக்குதலைப் பொறுமையோடு தாங்கி, முப்பத்தாறாம் நகர்த்தலில் வென்றார். தோற்ற மார்ஷலின் பெயராலேயே அத்தாக்குதல் இன்றும் வழங்குகின்றது.