மேன்முறையீடும் திருவேடமும்

மணியாச்சியில் வாழும் அன்பரொருவர் எம்பால் ஒரு வினா விடுத்துளார். சிறாரைக் கெடுத்த குற்றத்திற்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஒறுக்கப்பட்டான் ஒருவன் மதுரைக்குச் சென்று மேன்முறையீடு செய்கின்றான். குழவியின் சொல்லை ஒருமுறை மெய்யெனத் துணிந்தபின் மீட்டும் அதனை ஐயுறுதல் அறமாகுமோ என்பது அது. தென்மாவட்டங்களின் முறையீடுகளை 2004 முதல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக்கிளை ஏற்று வருதலின், கரிசல் நாட்டார் பலர்க்கும் இவ்வினா எழுதல் இயல்பே. ஆகலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உயிரின் அறிவு சுட்டறிவு. ஒன்றை அறியுங்கால் மற்றொன்றை விடுவது. அனைத்தையும் ஒருங்கே உணர்வான் இறைவன் ஒருவனே. நீதிபதியும் உயிர்வகையினரே ஆகலின், அவர் தீர்ப்பும் பிழைபடல் கூடும். பிழையாய் ஒறுக்கப்பட்டானுக்குச் சிறையிற் கழிந்த ஆண்டுகளை மீட்டளிப்பார் யாருமிலர். ஆகவே மேன்முறையீடு வேண்டற்பாலதே. அற்றேல் குழவிக்கு அஃது இரட்டைத் துன்பமாகாதோ எனின், கூறுதும். மேல்மன்றம் பெரும்பாலும் முன்பதிந்த சான்றுகளையே நிறுத்துப் பார்க்கும். குழவியை மீட்டும் கூண்டேற்றுவதன்று. விசாரணை மன்றத்தும் குழவியைப் பன்முறை அழைத்தலாகாதென 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் விதிக்கின்றது.

இனி, இவ்வினா எம்மனோரை நேரே தொடுமிடம் ஒன்றுண்டு. குற்றஞ்சாட்டப்பட்டார் துறவுக்கோலத்தினராயின் என் செய்வது? விராலிமலையை அடுத்து ஆசிரமம் நடாத்திய பிரேமானந்தா 1994-இல் சிறைப்பட்டார். ஆங்கு அடைக்கலம் புகுந்த பெண்களைக் கெடுத்தமைக்கும் ஒரு கொலைக்குமாக, புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் 1997-இல் அவர்க்கு இரட்டை ஆயுள்தண்டம் விதித்தது. கெடுக்கப்பட்டாருள் சிறுமியரும் இருந்தனர். கருவின் மரபணுச் சோதனையும், அதனை மறுக்க வந்த அயல்நாட்டு வல்லுநர் கூற்றும் ஆராயப்பட்டன. 2002-இல் உயர்நீதிமன்றமும், 2005-இல் உச்சநீதிமன்றமும் அத்தண்டத்தை உறுதிசெய்தன. 2011-இல் தண்டக்காலத்திலேயே அவர் இறந்தார். மும்மன்றம் ஏறியும் அப்பெண்களின் சொல் சாயவில்லை. மேன்முறையீடு அவர்தம் மெய்ம்மைக்கே அரணாயிற்று என்க.

எனினும் அடியார் பலர் அவரைக் குற்றமிலர் என்றே கொண்டனர். திருவேடத்தைச் சிவமெனக் காண்பது நம் நெறியன்றோ, மெய்ப்பொருள் நாயனார் தம்மைக் குத்திய முத்தநாதனையும் காத்திலரோ என்பார் உளர். நன்று, நாயனார் பொறுத்தது தம் மெய்யிற் பட்ட புண்ணை. பிறர் மகவின்மேற் பட்ட புண்ணைப் பொறுக்கும் உரிமை நமக்கு யார் தந்தார்? ஊறுபட்டார்க்கே பொறுத்தல் உரியது. அன்றியும், திருவெண்ணெய்நல்லூரில் வழக்கிட்டு வந்த முதியவர் இறைவனே ஆயினும், அவையோர் முன் மூலவோலை காட்டியே வென்றார். முற்றறிவுடையானே சான்றுக்கு உட்பட்டு நின்றானாக, வேடம் பூண்ட மாந்தர் சான்றுக்கு மேற்பட்டார் ஆவரோ?

அரசன் ஒறுப்பும் திருவருளின் வழிப்பட்டதென்பது சிவஞானசித்தியார் துணிபு. அது வினைநோய்க்கு மருந்து, மறக்கருணை எனப்படும். குற்றமிலான் அம்மருந்தை உண்ணலாகாது. அதனைத் தடுப்பதே மேன்முறையீட்டின் பயன். குற்றமுடையான் செல்வாக்கானும் பொய்யானும் அதனைத் தப்பின், சிறையைத் தப்பினானேயன்றி வினையைத் தப்பினானல்லன். அவனுக்குத் துணைநின்றாரும் அவ்வினையிற் பங்குடையர்.

ஆதலின் மணியாச்சி அன்பர்க்கு யாம் கூறுவது இது: மேன்முறையீட்டை வெறுக்கற்க; சான்றை நிறுத்தற்கன்றி ஆளின் பெருமையை நிறுத்தற்கு அதனைப் பயன்கொள்வாரை வெறுக்க. மடங்கட்கும் பாடசாலைகட்கும் ஒரு சொல். ஒரு குழவி வாய்திறந்து துயர் கூறுங்கால், இடத்தின் பெயர் கெடுமென அதன் வாயை அடைத்தல் சிவாபராதம். அறிந்தும் அறிவியாதிருத்தல் மேற்கூறிய சட்டப்படியும் குற்றமேயாம். மேல்மன்றங்கள் ஆராய்தற்கும் அக்குழவியின் முதற்சொல் பதிவாதல் வேண்டும். அதற்கு முதற்செவி நம்முடையதாகுக.

திருச்சிற்றம்பலம்.