பிராரப்தமும் பொறுப்பும்

வறுமை முன்வினைப் பயன் என்று எண்ணுவது ஏழைகளுக்கு ஓர் ஆறுதல். ஆள்வோருக்கோ அது பெரிய சௌகரியம். ஆயினும் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று நோக்குவோர், அங்குள்ள மீனவக் குப்பங்களின் தரித்திரத்துக்குக் காரணம் தேடிப் பூர்வஜன்மம்வரை போக வேண்டியதில்லை. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அடுத்த ஆண்டு எண்ணூரில் அனல்மின் நிலையமும், 2001இல் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. யாவும் அரசு முன்னின்று, தேசத்தின் க்ஷேமத்தைக் கருதிச் செய்த காரியங்களே.

அனல்மின் நிலையத்தில் விளைந்த மின்சாரம் மாநிலமெங்கும் பரவிற்று; சாம்பலோ கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தது. பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, நீருக்கடியில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் விரல்களில் இன்று சேற்றோடு சாம்பலும் சேர்ந்து வருகிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெயும் வந்து கழிமுகத்தை மூடியபோது, படகும் வலையும் கறுத்துப்போன மீனவர்களே அதை வாளிகளால் அள்ளினார்கள். பின்னர் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

இது கருணையா, கடனா என்பதே நம் கேள்வி. திருவொற்றியூர்த் தியாகேசர் சந்நிதியை இளமையிலேயே நாடிவந்த இராமலிங்க அடிகள், 1867இல் வடலூரில் தருமசாலை நிறுவி, பசித்து வந்தவனின் குலத்தையோ வினையையோ விசாரியாமல் சோறிடும் ஜீவகாருண்யத்தை அநுஷ்டானமாகவே ஆக்கினார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. தனிமனிதனுக்கு அது பூரண தர்மம். ஆனால் தான் வகுத்த திட்டத்தால் ஒருவனுடைய ஜீவனத்தைப் பறித்த அரசு அவனுக்கு அளிப்பது தானம் ஆகாது; பட்ட கடனில் ஒரு பகுதியைத் தீர்ப்பதே ஆகும்.

பலருடைய நன்மைக்காகச் சிலர் கஷ்டப்படுவது தவிர்க்கவியலாதது என்பர். அப்படியே ஆயினும், நன்மை பலருக்கும் பாரம் சிலருக்குமாகப் பிரிந்ததனாலேயே, அந்தச் சிலருக்கு நாம் அனைவரும் கடன்பட்டவர்களாகிறோம். சமுதாயத்தின் பௌதிக வளங்கள் பொதுநன்மைக்கு உகந்தவாறு பகிரப்பட வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 39ஆம் விதி. அதை நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்ற இயலாதெனக் கூறும் 37ஆம் விதியே, அதைக் கைக்கொள்வது அரசின் கடமை என்றும் விதிக்கிறது. கட்டாயப்படுத்த ஆளில்லாத இடத்தில்தான் தர்மத்துக்குப் பரீட்சை. கழிமுகத்தைச் சுத்தமாக்கித் தொழிலை மீட்டுக் கொடுக்கும்வரை, எத்தனை முறை நிவாரணம் வழங்கினாலும், அரசு கடனாளியே.