பிடரி நரம்பும் வியாபாரியின் அமானத்தும்



அல்லாஹுதஆலா தன் அடியானுக்கு எவ்வளவு சமீபமாக இருக்கிறான் என்பதை உணர்த்த, ஸூரத்து காஃபிலே மனிதனின் கழுத்தைக் காட்டுகிறான். நமது தமிழ்த் தர்ஜுமாக்களில் அவ்விடத்திற்குப் 'பிடரி நரம்பு' என்று எழுதியிருப்பதைப் பலமுறை பயானில் கேட்டிருப்பீர்கள். அரபியிலுள்ள 'வரீத்' என்ற சொல் இரத்தம் ஓடும் குழாயைக் குறிப்பது. தமிழிலோ நாம் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம், உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நூலையும் நரம்பு என்கிறோம். ஊசி போடுகிறவர் "நரம்பு கிடைக்கவில்லை" என்று கையைத் தட்டிப் பார்ப்பது ஒன்று. நரம்புத் தளர்ச்சி என்பது வேறொன்று. ஆனால் கழுத்திலே இவ்விரண்டும் அக்கம்பக்கமாகவே இருக்கின்றன. மூளைக்கு இரத்தம் ஏற்றும் குழாயும், அங்கிருந்து இருதயத்திற்கு இரத்தம் இறக்கும் குழாயும், இரண்டிற்கும் இடையே வேகஸ் என்னும் நரம்பும் ஒரே உறைக்குள் இறங்குகின்றன. அந்த வேகஸ் நரம்புதான் இருதயத்திற்கும் சுவாசகோசத்திற்கும் மூளையின் உத்தரவைக் கொண்டு செல்லும் முக்கியமான தபால்காரன்.

"டாக்டர்கள் கண்டதெல்லாம் ஆயத்திலேயே இருக்கிறது, பார்த்தீர்களா!" என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. நம் முன்னோர் வைத்தியத்தில் உழைத்தார்கள் என்பது மெய். கெய்ரோவில் வைத்தியராயிருந்த இப்னு நபீஸ் அவர்கள் 1242-ம் ஆண்டில், இருதயத்தின் வலது அறையிலுள்ள இரத்தம் சுவாசகோசத்தின் வழியாகச் சுற்றித்தான் இடது அறைக்கு வருகிறது என்று எழுதினார்கள். அது அன்னார் ஆராய்ந்து கண்டது. திருமறை வைத்தியப் புத்தகமாக இறங்கவில்லை. நம் கணக்கைக் கேட்க இருப்பவனின் சமீபத்தைச் சொல்ல இறங்கியது. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இங்கே பேச வந்தேன். அதற்கு முன் இந்த நரம்பின் வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருதயத்திற்குச் சொந்தமாகவே துடிக்கும் சக்தி இருக்கிறது. எந்த நரம்பும் அதைத் தொடாமல் விட்டால் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 100 தடவை துடிக்கும். வேகஸ் நரம்பு கடிவாளத்தைப் பிடித்து இழுத்து 70, 72 என்று அடக்கி வைக்கிறது. பயம் வந்தால், மூட்டை தூக்கினால், வேறொரு நரம்புக் கூட்டம் சாட்டையைச் சுழற்றுகிறது, கடிவாளமும் தளர்கிறது. குதிரை வண்டி ஓட்டுகிறவனுக்கு இரண்டும் தேவையல்லவா?

சுவாசகோசம் அப்படியன்று. தானாக விரியும் சக்தி அதற்கில்லை. பிடரிக்கு மேலே, மண்டையோடு கழுத்தோடு சேருகிற இடத்தில், முகுளம் என்று ஒரு சிறு பகுதி மூளையின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து உத்தரவு கிளம்பி, கழுத்து நரம்புகளின் வழியே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்திற்கு வந்தால்தான் அடுத்த மூச்சு. நிமிஷத்திற்கு 14 என்று வைத்தாலும் நாளைக்கு இருபதாயிரம் உத்தரவுகளுக்கு மேல். நாம் தூங்கும்போதும், கல்லாவில் நோட்டு எண்ணும்போதும், தொழுகையில் மனம் எங்கோ திரியும்போதும் அது தவறுவதில்லை. மூச்சைக் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இரத்தத்தில் கரியமில வாயு ஏறியதும் முகுளம் நம்மைக் கேட்காமலே மூச்சை இழுத்துவிடும். கையும் காலும் நாவும் நம் இஷ்டத்திற்கு விடப்பட்டவை. மூச்சையோ றப்புல் ஆலமீன் நம் மறதியை நம்பி ஒப்படைக்கவில்லை.

நம் மலையிலேயே இதைப் பார்க்கலாம். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வருகிற சரக்கு லாரிக்காரர், தானா ராத்தாவில் அரிசி மூட்டையை இறக்கும்போது, கீழே இருந்ததைவிடச் சீக்கிரம் இளைக்கிறார். இங்கே உயரம் சுமார் 4,700 அடி. காற்றின் பாரம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான். கழுத்து இரத்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசிமணி அளவில் ஓர் உறுப்பு உட்கார்ந்து, போகிற இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கிறது. குறைந்தால் நரம்பு வழியே முகுளத்திற்குத் தகவல் போகிறது, மூச்சு வேகமாகிறது. இதைக் காட்டிய பெல்ஜியம் நாட்டு ஹேமன்ஸ் என்பவருக்கு 1938-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. நம் கடைத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வேண்டும். அந்தத் தராசுக்கு யார் முத்திரை போட்டார்?

இனி விஷயத்திற்கு வருகிறேன். வேகஸ் நரம்பு இருதயத்திடம் "மெதுவாக" என்று எப்படிச் சொல்கிறது? 1921-ல் ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி என்பவர் இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அது மெதுவாகியது. அது கிடந்த நீரை எடுத்து மற்ற இருதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அதுவும் மெதுவாகியது. ஆகவே நரம்பின் நுனியிலிருந்து ஒரு ரசம் சுரந்து செய்தியைச் சேர்க்கிறது என்று தெரிந்தது. செய்தி சேர்ந்ததும் அந்த ரசத்தை உடனே அழித்துவிட இன்னொரு பொருளையும் அல்லாஹ் அங்கே வைத்திருக்கிறான். அழிக்காவிட்டால் ஒரே உத்தரவு ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

நாம் 'பூச்சி மருந்து' என்கிறோமே, அதில் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரு வகைகள் செய்வது இதுதான். அழிக்கும் பொருளைப் பூட்டிவிடுகின்றன. பூச்சிக்கு மட்டுமல்ல, அடிக்கிறவனுக்கும். கடிவாளம் இறுகி இருதயம் மெதுவாகிறது. சுவாசக் குழாய்கள் சுருங்கி நீர் கோத்துக்கொள்கின்றன. வாயில் எச்சில் ஒழுகும், உடல் வேர்க்கும், கண்ணின் பாவை கடுகாகச் சுருங்கும், தசை துடித்துப் பிறகு சோர்ந்துவிடும். முடிவில் முகுளமும் அடங்கி மூச்சு நின்று போகிறது. குடித்தால்தான் என்றில்லை, தோலின் வழியாகவும் ஏறும். மலாய்க்காரர் இதை 'ராச்சூன்', அதாவது விஷம் என்று உள்ளபடி சொல்கிறார்கள். நாமோ மருந்து என்று பெயர் வைத்து அலமாரியில் பருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம்!

பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 1958-ல் கப்பலில் கோதுமை மாவோடு பாரத்தியான் என்ற பூச்சி விஷமும் ஏற்றப்பட்டு, கசிந்து, அந்த மாவைத் தின்ற கேரள மக்களில் நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். இந்தியாவில் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வருவதற்கு அந்த மரணங்களே காரணமாயின. 2013 ஜூலையில் பீகார் மாநிலத்தின் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். மோனோகுரோட்டோபாஸ் இருந்த டப்பாவில் சமையல் எண்ணெய் வைத்திருந்ததே காரணம். இரண்டிலும் கொலை செய்யும் எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை. சாமானை வைத்த இடமும் ஊற்றிய பாத்திரமும் போதுமாயிருந்தன.

சகோதரர்களே! தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் இன்று மருந்தடிக்கிறவர்களில் பலர் பங்களாதேஷ், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். முழு டப்பா வாங்கக் காசில்லாமல் "கொஞ்சம் ஊற்றிக் கொடுங்கள், பாய்" என்று காலி தண்ணீர்ப் போத்தலோடு வந்து நிற்பார்கள். ஊற்றிக் கொடுத்தால் லாபம் ஐந்து வெள்ளியோ ஆறு வெள்ளியோ. ஆனால் லேபிள் நம் டப்பாவிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் போத்தல் லயத்து வீட்டில் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, அந்த வியாபாரியைக் கண்டித்த ஹதீஸ் முஸ்லிம் ஷரீபில் இருக்கிறது. நனைந்ததை மேலே வைக்காதது அவன் குற்றம். ஈரத் தானியம் வாங்கியவனுக்குப் போவது கொஞ்சம் காசு. பெயரில்லாப் போத்தலில் மறைவது ஓர் ஆத்மாவின் மூச்சு. "நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் கொடுப்பான்" என்பார்கள். பக்கத்துக் கடைக்காரனின் பட்டோலை அவன் கையில் கொடுக்கப்படும். நம்முடையது நம் கையில்.

ஆகவே ஊற்றிக் கொடுக்க வேண்டாம். 1974-ம் வருஷத்து மலேசியச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவர் விற்கவே வேண்டாம். லைசென்ஸ் உள்ளவர் உணவுச் சாமானில்லாத தனி அறையில் பூட்டி வைக்கட்டும். குளோர்பைரிபாஸ், கார்போஃபுரான் இரண்டும் 2023 மே முதல் விவசாயத்திற்குத் தடையானவை. பழைய சரக்கு மூலையில் கிடந்தால் மலிவாகத் தள்ளிவிட நினைக்காமல் விவசாய இலாகாவிடம் கேட்டு ஒப்படைக்க வேண்டும். காலி டப்பாவை எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ யாருக்கும் இனாமாகக்கூடக் கொடுக்கக் கூடாது. வாங்குகிறவருக்குத் தமிழோ மலாயோ படிக்க வராவிட்டால், கையுறை, முகமூடி, சோப்பு என்று கையால் காட்டியாவது சொல்லி அனுப்பலாம். அதற்கு ஒரு நிமிஷம் பிடிக்கும்.

யாராவது எச்சில் ஒழுக, கண்பாவை சுருங்கி, மூச்சுத் திணறிக் கடை வாசலில் வந்து விழுந்தால், நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு அவருடைய நனைந்த உடுப்பைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் விட்டு உடம்பைக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், நாட்டு மருந்து ஒன்றும் வேண்டாம். 999-க்குச் சொல்லி, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குச் சேர்ப்பியுங்கள். அங்கே அட்ரோபின் என்ற ஊசி, வேகஸ் நரம்பின் ஓயாத உத்தரவு இருதயத்திற்கும் சுவாசகோசத்திற்கும் எட்டாமல் தடுக்கும். அடித்த மருந்தின் டப்பாவை, லேபிளோடு, மறக்காமல் ஒரு பையில் கட்டி எடுத்துப் போக வேண்டும். புல் மருந்தில் வேறு ஜாதி விஷங்கள் உண்டு. அவற்றிற்கு இந்த ஊசி மாற்று மருந்தன்று. எது என்று டாக்டருக்குத் தெரிவது அந்த லேபிளிலிருந்துதான்.